கடைசி வார்டில் ஒரு பதில்

மார்ச் 3

என் வாயாடிக்கு,

அம்மா காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. போனில் உன் குரல் கேட்டாலே அழுதுவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் பின்னறையில் அம்மாவுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெஞ்சு போதாமல் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி எழுந்து, "நான் பஸ் ஸ்டாண்டுல பெருக்குறவ. போர்டு படிக்கத் தெரியாது. எந்த பஸ்னு டிக்கெட் கவுன்டர்ல இவங்களைத்தான் கேப்பேன். ஒரு நாள் எழுந்தே வந்துட்டாங்க. 'உனக்குப் பதில் சொல்லியே என் வாய் வலிக்குது, வா, நீயே படிச்சுக்கோ'ன்னாங்க" என்றாள். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது. அம்மா அங்கே நடத்திய மாலை வகுப்பே அப்படித்தானே ஆரம்பித்தது? அம்மா 'மூணாவது பெஞ்சு' என்று கூப்பிடுவாளே, பேசியது அவள்தான்.

பேரனுக்குச் சளி விட்டதா? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 15

அப்பாவுக்கு,

கூட்டத்தைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் "வாயுத் தொல்லை, வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். நான் இங்கே வெளிநாட்டில் குழந்தைக்கு நடைவண்டி விலை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளுடைய சாயங்காலம் எல்லாம் அந்தப் பெண்களுக்குத்தான் போனது. கவுன்டரில் நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு நேரே அங்கே போவாள். அந்த அறையிலேயே சுவரில் சாய்ந்து தூங்கி வளர்ந்தவள் நான். சரி, அதை விடுங்கள். பிரசவத்துக்கு வாம்மா என்று கெஞ்சினேன். "அந்த வாரம்தான் அவங்களுக்குப் பரீட்சை. நான் இல்லேன்னா ஒருத்தியும் உள்ளயே போக மாட்டா" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் மனம்விட்டுப் பேசவே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைத் தேடினாளா? மழுப்பினால் இனி எழுத மாட்டேன்.

மகள்

மார்ச் 29

என் வாயாடிக்கு,

தேடினாள்.

உனக்குச் சொல்லலாம் என்று நான் அவளிடம் மன்றாடினேன். "அவ கூப்பிட்டப்ப நான் போகல. இப்ப எந்த முகத்தோட கூப்பிடுறது?" என்றாள். நானும் அவள் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

வார்டில் பகலில் மூணாவது பெஞ்சுதான் வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருவாள். கடைசி நாள் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கதவோரம் நின்றேன். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "வாயாடி, வந்துட்டியா?" என்றாள். மூணாவது பெஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டேம்மா" என்றாள் அவள்.

"கோபம் போயிடுச்சா?"

"எப்பவோ போயிடுச்சும்மா."

அம்மா அதற்கப்புறம் பேசவில்லை. கையை மட்டும் விடவே இல்லை.

இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று பல நாள் தவித்தேன். மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன்.

அப்பா

ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை தவழ்ந்து வந்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தான்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. என் பதிலைச் சொல்ல அவள் யார் என்று. அம்மா கேட்ட அன்றைக்கு என் கோபம் போயிருக்கவில்லை, அப்பா. நானே பக்கத்தில் இருந்திருந்தாலும் விசும்பியிருப்பேன், "ஏன் வரல?" என்று திரும்பக் கேட்டிருப்பேன். அம்மா அந்தக் கேள்வியோடு போயிருப்பாள். அந்த அக்காவுக்கு இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்கிறது.

இப்போது கோபம் போய்விட்டது. சொல்லத்தான் ஆள் இல்லை.

ஜூனில் குழந்தையோடு வருகிறேன். என்னை அழைக்க வரும்போது அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்கு எதுவும் பேச வராது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வாயாடி