இரண்டு பக்கத்தாலும் வரும்

கடையில் வாங்கிய கருவாட்டை இன்று பழைய பேப்பரில் சுற்றித் தந்திருந்தார்கள். பிரித்தபோது கருவாட்டு மணத்துக்குள்ளும் அந்த மை மணம் எனக்குத் தனியாகத் தெரிந்தது. றபீக்கின் வாப்பா, நீங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாய்மனைக் கதிரையில் பேப்பரை விரித்தால் அசர் தொழுகை வரைக்கும் இருப்பீர்கள். ஒரே பக்கம். அதைக் கவனித்த ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மவுத்தானவர்களின் குறையைக் கதைக்கக் கூடாது என்பார்கள். நீங்கள் கண் மூடிய பிறகு ஒன்பது வருடம் நானும் கதைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை கதைத்துவிட்டேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கைக்குழந்தை றபீக்கோடு அக்கரைப்பற்றுச் சந்தியில் கல்முனை பஸ்ஸுக்கு நின்றோமே, அந்த நாள். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு, பஸ்ஸின் பலகையைப் பார்க்காமல், நீங்கள் காட்டிய பஸ்ஸில் ஏறினேன். இறங்கியது அம்பாறையில். “இஞ்ச எனக்கு ஒரு வேலை இரிக்கி” என்றீர்கள். அரை மணி நேரம் வெயிலுக்குள் நடந்தோம். ஒரு வேலையும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்கு முன்பெல்லாம் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை நீட்டி, “கண் கலங்குது புள்ள, என்ன போட்டிரிக்கி எண்டு பாரு” என்பீர்களே, அதுவும் கண்ணில் இருந்த கோளாறு இல்லை. ஆம்பிளையின் மானம் என்று மூடி வைத்தேன்.

அந்த மானத்துக்காக நீங்கள் றபீக்கை அடித்தீர்கள். ஐந்தாம் வகுப்பிலும் அவனுக்கு எழுத்து பிடிபடவில்லை. ஒரு வரி முடிவதற்குள் கண் எங்கேயோ போய்விடும், காலாட்டம் நிற்காது. முற்றத்தில் நெல்லைக் கொட்டி அதன்மேல் முழங்காலில் நிற்க வைத்தீர்கள். “எங்கட ஆக்கள்ள இப்பிடி ஒரு மடையன் இல்ல. இது உன்ட குடி” என்றீர்கள். நம் ஊர்களில் பிள்ளைக்குக் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வருகிறது. அதனால் குறை வந்தாலும் தாயின் தலையில்தான். உங்கள் கூடப்பிறந்த ராத்தா அந்தக் கதையைத் தெருத் தெருவாகக் கொண்டு திரிந்தா. அவ மவுத்தானபோது மையத்து வீட்டுக்கு நான் போகவில்லை. இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை. மகனின் முழங்காலில் புதைந்த நெல்லை ஊசியால் கிண்டி எடுத்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. பதினான்கு வயதில் அவன் ஒலுவிலுக்குப் போய் மீன் பெட்டி தூக்கினான்.

இப்போது அவனுக்குச் சொந்த லொறி இருக்கிறது, எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஏழு மாதத்தில் பிறந்தவள். அவளுக்கும் எழுத்து ஏறவில்லை. போன மாதம் நான் அவன் வீட்டுக்குப் போன நேரம் அவள் முற்றத்தில் முழங்காலில் நிற்கிறாள். கீழே நெல். றபீக் பெண்சாதியைப் பார்த்துச் சொல்கிறான்: “இது உன்ட குடி.” அது உங்கள் குரல்தான்.

“டொக்டருக்குக் காட்டு. இல்லாட்டி என்ட மையத்தையும் நீ தூக்கத் தேவல்ல” என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை எல்லாரும் போனோம். டொக்டர் சின்ன வயசுப் பெண். குடும்பத்தில் வேறு யாருக்கும் வாசிக்கக் கஷ்டமா என்று கேட்டாள். றபீக் பெண்சாதியைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள்.

“இது உம்மா பக்கத்தாலதான் வருமா, மகள்?” என்று நான் கேட்டேன்.

“இல்ல உம்மா, ரெண்டு பக்கத்தாலயும் வரும். மாசம் குறைஞ்சு பிறந்தாலும் வரலாம். வயித்தில இரிக்கக்குள்ள நஞ்சு கிஞ்சு பட்டாலும் வரலாம். இன்னதாலதான் எண்டு ஒண்டைப் பிடிச்சிச் சொல்ல ஏலா. ஆனா அடிச்சா இன்னும் கூடும். இது சோம்பல் இல்ல.”

றபீக்கைச் சுமந்த மாதங்களில் உங்களுக்காக நான் கையில் பிடித்து வாசித்த போத்தல்கள் நினைவுக்கு வந்தன. அந்த நஞ்சு அவனைத் தொட்டதா, தொடவில்லையா? இனி யாரிடம் கேட்க?

“எழுதுங்க மகள். இவன்ட வாப்பாக்கு மவுத்தாகும் வரைக்கும் ஒரு வரி வாசிக்கத் தெரியா. நான்தான் மறைச்ச.”

மருமகள் தலை நிமிர்ந்தாள். கதிரையில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பேத்தி, “மூத்தவாப்பாக்கும் ஏலாதா? அப்ப நான் மட்டும் இல்லியா?” என்று சிரித்தாள்.

றபீக் சிரிக்கவில்லை. லொறியடிக்கு வந்த பிறகுதான் கேட்டான்.

“நான் நெல்லில நிக்கக்குள்ள உங்களுக்கு இது தெரியுமா, உம்மா?”

“ஓம் மனெ.”

அவ்வளவுதான். மகளைத் தூக்கி ஏற்றினான். எனக்குக் கதவைத் திறந்துவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளையை இப்போது அடிப்பதில்லை என்று மருமகள் சொல்லி அனுப்பினாள். அவன் இந்தப் பக்கம் வரவில்லை. உங்களை மன்னிக்காமலே நான் இத்தனை நோன்பும் பிடித்தேன், தொழுதேன், இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் அவன் எத்தனை காலத்துக்கு வராமல் இருப்பான் என்று எனக்குத் தெரியும். பிடித்த கோபத்தை விடமாட்டான். அது உங்கள் பக்கத்தால் வந்ததில்லை.