மடித்ததைப் பிரிக்கும் கை

மார்ச் 4
ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இந்த வருஷம் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் மூன்றாவது ஆள். இந்தத் தடவை, நாங்கள் ‘வாயாடி’ என்று கூப்பிடுகிறவள். ஆறு வருஷமாக என்கூட மடிப்பு மேசையில் நிற்பவள். மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: “எப்படியாவது அவளை நிறுத்துங்கம்மா. இல்லேன்னா வேலையை வெளியே கான்ட்ராக்ட் விட்டுடுவோம்.” பேருதான் சூப்பர்வைசர். நான் என்னத்தைப் பிடித்து நிறுத்துவது?

மார்ச் 5
மேசைப் பெண்கள் மடித்து வண்டியில் வைக்க வைக்க, படுக்கை விரிப்புகளைப் பிரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் திரும்ப மடித்தேன். வழக்கம்போல. இடுப்பு விட்டுப்போச்சு. ஒருத்திக்காவது அக்கறை உண்டா?

மார்ச் 9
மேசைப் பக்கம் புது மின்விசிறி. மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கென்று ஒரு நாற்காலியும் வாங்கினேன். வாயாடி அதில் பையை வைத்தாள். வாய் ஓயாதவள், இப்போது “சரிக்கா” தவிர பேச்சே இல்லை.

மார்ச் 11
தலைவலி.

மார்ச் 13
கேட்டே விட்டேன். “வேற இடத்துல சம்பளம் கூடவாடி?”
“கம்மிக்கா.”
“பின்ன என்னதான்டி உனக்கு?”
ஒரு விரிப்பை நிதானமாக மடித்து வண்டியில் வைத்தாள். பேசிக்கொண்டே எடுத்துப் பிரித்தேன்.
“இதுதான்,” என்றாள். “ஆறு வருஷமா நான் மடிச்சது ஒண்ணுகூட அப்படியே வார்டுக்குப் போனதில்ல. அப்ப நான் எதுக்குக்கா?”
விரிப்பு என் கையிலேயே இருந்தது.

மார்ச் 14
நல்லதுக்குத்தானே செஞ்சேன்? நோயாளி படுக்கிற துணி, சுருக்கம் இருக்கக் கூடாதுன்னு— ஐயோ, அவ மடிச்சதுல சுருக்கம் எங்க இருந்துச்சு? ஒரு நாளாவது பார்த்தேனா? கை பாட்டுக்குப் போகுது. முன்னாடி போன ரெண்டு பேரும் இதனாலதானா? வெட்கமா இருக்கு.

மார்ச் 18
நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நமநம என்றது. வண்டி அப்படியே மேலே வார்டுக்குப் போனது. யாரும் குறை சொல்லி ஃபோன் பண்ணவில்லை. சாயங்காலம், “போகாதடி” என்றேன். “அங்க வர்றேன்னு சொல்லிட்டேன்க்கா.” கண் கலங்கியிருந்தாள்.

மார்ச் 31
அவளுக்குக் கடைசி நாள். படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மனசு கேட்கவில்லை, மேலாளரிடம் சொல்லிவிட்டேன்: “அது பொய் சார். என்னாலதான் போறா. அவங்க மடிச்சதை எல்லாம் நான் பிரிச்சுப் பிரிச்சுத் திரும்ப மடிச்சேன்.”
முத்திரை குத்திக்கொண்டே சிரித்தார். “அந்தக் கைதாம்மா எங்களுக்கு வேணும். அடுத்த மாசத்துலேர்ந்து துணி வெளியே கான்ட்ராக்ட்ல மடிச்சு வரும். நீங்க ஒருத்தர் இருந்து பிரிச்சுப் பார்த்தாப் போதும்.”
சரி சார் என்றேன்.