போலீஸுக்காகக் காத்திருக்கும் நைனாவுக்கு

அன்புள்ள நைனாவுக்கு,

புனேயில் நான் நலம். உங்கள் முட்டிவலியும் மானாம்பதி மழையும் எப்படி?

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள், அதனால் கடிதம். சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்று செல்போன் ஆப்பில் கடன் வாங்கினேன். தவணை தவறியதும் வசூல்காரன் ஜெயில் என்று மிரட்டினான். இலவசச் சட்ட உதவி வக்கீலோ, "பணம் கட்ட முடியாததற்கு ஜெயில் இல்லை, சிவில் வழக்குதான் போடலாம்" என்று சிரித்தார்.

அதற்குள் அவன் என் போனிலிருந்த உங்கள் நம்பரைப் பிடித்து, வூட்டுக்குப் போலீஸ் வரும் என்றானாம். நீங்கள், "வரட்டும்பா. போர் மோட்டார் திருடு போச்சுன்னு எழுதிக் குடுத்து எத்தினி மாசமாவுது, ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நீயாவது இட்டுக்கினு வா" என்றீர்களாம்.

நேற்று அவனே என்னிடம் அழுதான்: "மேடம், போலீஸ் எப்போ வரும்னு உங்க நைனா தெனமும் போன் பண்றாரு. பேஜாரா கீது. அசலும் நியாயமான வட்டியும் குடுத்துட்டு, அவர நிறுத்தச் சொல்லுங்க."

கட்டிவிட்டேன். பாக்கியில்லை என்று எழுதியும் வாங்கிவிட்டேன்.

கொஞ்சம் வடகம் அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவனுக்குப் பயந்து இத்தனை நாள் உங்கள் போனையும் எடுக்காமல் இருந்தேன். இனி அவனை விட்டுவிட்டு எனக்கு அடியுங்கள், தினமும்.

இளமதி