ஸ்கர்ட்டும் இடது முழங்கால் லீவரும்

மார்ச் 2, ஞாயிறு

நேற்று மேடையில் என் ஸ்கர்ட் கிழிந்தது. தொடை வரை. எழுதிவிட்டேன், இனி மூச்சு விடலாம்.

மூன்றாவது பாட்டு. இடது முழங்காலை வெளியே தள்ளினேன். தள்ளினால்தான் கருவிக்கு அடியில் தொங்கும் லீவர் நகரும், இரண்டு தந்திகள் அரைச்சுரம் ஏறும். பெடல் ஸ்டீல் கிட்டார் அப்படித்தான்: கைக்குத் தந்தி, காலுக்குப் பெடல், முழங்காலுக்கு லீவர். உட்கார்ந்த இடத்திலேயே தவளை நீச்சல். சுரம் ஏறியது. கூடவே 'டர்ர்'. முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். சுரத்துக்கா, தையலுக்கா?

இத்தனை வருஷம் பேன்ட்டில் வாசித்தவளை, யூனிஃபார்ம் என்று ஒரு குழாய்க்குள் திணித்தது யார்? என் நாத்தனார். குழுவின் பாடகி, முதலாளி, அலங்கார மந்திரி.

மார்ச் 4, செவ்வாய்

ஒத்திகை. நாத்தனார் சிரிக்காமல் கேட்டாள்: "அண்ணி, முழங்காலைச் சேர்த்து வச்சுக்கிட்டே வாசிக்க முடியாதா?"

"நீ வாயை மூடிக்கிட்டே பாடிக் காட்டு, நானும் வாசிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கீபோர்டுக்காரர், யாரும் கேட்காமலே, ஒரு பொத்தானை அழுத்தி என் கிட்டாரின் சத்தத்தை வாசித்துக் காட்டினார். கடன்காரன்.

"சனிக்கிழமைக்குள்ள ஏதாவது வழி பண்ணுங்க அண்ணி. இல்லேன்னா இவரே வாசிக்கட்டும்."

பேஸ் கிட்டாரோடு நின்ற என் வீட்டுக்காரர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகான ஷூ.

மார்ச் 6, வியாழன்

லீவரை மாற்றிவிட்டேன். வெளியே தள்ளினால் நடந்தது, இனி முழங்காலை மேலே தூக்கினால் நடக்கும். கருவிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கம்பிகளைக் கழற்றி, வேறு துளையில் மாட்டி, திருகித் திருகிச் சுருதி சேர்த்தேன். வீட்டுக்காரர் என் கால்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

"பேன்ட்லயே வாசிக்கட்டும்னு உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"குடும்பத்துக்குள்ள எதுக்கு?"

அப்போ நான் யாரு? பக்கத்து வீடா?

மார்ச் 7, வெள்ளி

மூளைக்குப் புரிகிறது. முழங்காலுக்குப் புரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று மேடையில் மானம் போச்சு. முன்பாதத்தால் பெடலை மிதித்தால் முழங்கால் தானாக எழும். எழுந்தால் அந்தப் புது லீவரில் இடிக்கும். இடித்தால் யாரும் கேட்காத சுரம் ஏறும். இது தெரியாதா எனக்கு? நாத்தனார் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்க, என் கிட்டாருக்கு விக்கல். மிதிக்கு ஒரு விக்கல். வீட்டில் நானே ஒட்டுத்தையல் போட்ட ஸ்கர்ட் மட்டும் கம்பீரமாகத் தாங்கியது.

மார்ச் 12, புதன்

நாத்தனார் நேரில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன்னைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

மார்ச் 15, சனி

அவர் கச்சேரிக்குக் கிளம்பிப் போனார். நான் லீவரைப் பழைய இடத்திலேயே மாட்டி, நைட்டியில், முழங்காலை இஷ்டத்துக்கு விரித்து வாசித்தேன். ஒரு விக்கல் இல்லை. ஒரு ஆளும் இல்லை. அங்கே இந்நேரம் அந்தப் பொத்தான் வாசித்துக்கொண்டிருக்கும். அதற்கு முழங்காலே கிடையாது, பாக்கியசாலி.

மார்ச் 17, திங்கள்

யூனிஃபார்மைத் திருப்பித் தர வேண்டுமாம். ஒழுங்காகத் தைத்துத் தரச் சொல்லித் தையல்காரரிடம் கொண்டுபோனேன். என் ஒட்டுத்தையலைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பவே சொன்னேனே மேடம். கால் அசையணும், தளர்வா விடுங்கன்னு உங்க நாத்தனார் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. நீங்கதான் ஒல்லியாத் தெரியணும்னு ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னீங்க."

பிரித்துக் காட்டினார். உள்ளே மடித்துத் தைத்த துணி நாலு விரல் அகலம் இருந்தது.