பந்தி நடுவே ஒரு தூண்

10-5-1964, ஞாயிறு. தாராவி.

ஜெயித்துவிட்டேன். புது வீட்டுக்கு நடுத்தூண் கிடையாது.

ஒரு வாரமாக என் வீட்டுக்காரரோடு இதே சண்டை. வெறும் கைமரம் சாத்தி ஓடு போடலாம், முகட்டைத் தாங்க நடுவில் ஒரு தூண் நட்டால் ஆச்சு என்கிறார். எனக்கு முக்கோணமாகப் பூட்டிய சட்டம்தான் வேண்டும். கூரை வேலைக்கு வந்த மிஸ்திரி அதைக் கைஞ்சி என்கிறார். அதற்குத் தூணே வேண்டாம். இருபது மில்காரர்களுக்குச் சோறு போடுகிற வீட்டில் நடுவே தூண் நின்றால் எப்படிப் பரிமாறுவது? சொன்னால் கேட்டால்தானே.

இன்று மத்தியானப் பந்தியைக் கூரையில்லாத புது வீட்டிலேயே போட்டேன். தூண் வரும் இடத்தில் காலி மண்ணெண்ணெய் டின்களை ஆளுயரத்துக்கு அடுக்கினேன். சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீங்க பரிமாறுங்க" என்றேன்.

இரண்டாவது சுற்றில் முழங்கை இடித்தது. டின்கள் சரிந்தன. பாதிச் சாம்பார் அவர் வேட்டியில். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வேட்டியைக்கூட மாற்றாமல் மிஸ்திரியிடம் போனார். "கைஞ்சியே போடும். தூண் வச்சா மனுசன் எப்படிவே நடப்பான்?" என்னமோ அவரே கண்டுபிடித்த மாதிரி! இருக்கட்டும்.

மழைக்கு முன்னால் முடியுமா என்றுதான்... பார்ப்போம். தூண் வந்திருக்க வேண்டிய இடத்தில் பாய் விரித்துப் படுத்தபடி எழுதுகிறேன். காலை நன்றாக நீட்டிப் பார்த்தேன். எதிலும் இடிக்கவில்லை.