வடிவு திரும்பும் வழி

நாள் 112 — 06.30
நிலவின் தென்முனை, குளிர்ப்பள்ள ஆய்வு நிலையம். எழுதுபவர்: முனைவர் தெய்வசிகாமணி. உள்காற்று சீர். நீர் மறுசுழற்சி 94 விழுக்காடு. நிலையத்தில் இருவர்தான். பொறியாளர் சண்முகவடிவு 05.10க்கு ஊர்தியில் தனியாகப் பள்ளத்துக்குள் இறங்கினாள். துளையிடும் இடம் 38 கிலோமீட்டர். ஊர்தியில் 19.00 வரை காற்று. அந்தப் பள்ளத்தில் வெயில் விழுந்ததே இல்லை. நிலையக் கணினி பாதையைக் காட்டி, இருபத்திரண்டு விளக்குக் கம்பங்களையும் ஏற்றினால்தான் அவளால் திரும்ப முடியும்.

08.14
திரையில் சிவப்பு அறிவிப்பு. எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிவிட்டது. ஒன்றும் திறக்கவில்லை. ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் நச்சு நிரல். விலை கேட்கிறது, எழுபத்திரண்டு மணி நேரக் கெடு. வடிவுக்கு இருப்பது பதினொரு மணி நேரம்கூட இல்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகளைப் பிடுங்கிவிட்டேன். கம்பங்கள் அணைந்துவிட்டன. குரல் வானொலி மட்டும் தனிக்கருவி, அது பிழைத்தது.

08.40
பாதைக் கோப்புகளின் நகல் டிஸ்க்கும் பூட்டிக்கிடக்கிறது. அது எப்போதும் கழற்றி அலமாரியில் இருக்க வேண்டியது. அந்த விதியை எழுதியவனே நான். மூன்று நாள் முன்பு, ஆயுத பூஜையன்று, வடிவு துளைக்கருவி, கையுறை, திருப்புளியோடு அதையும் வைத்துச் சந்தனம் இட்டாள். அதன் விளக்கு எரியட்டும் என்று கணினியில் மாட்டினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாதாம். இரவு முழுக்க மாட்டியே கிடந்தது. நான் பார்த்துச் சிரித்ததோடு சரி.

09.05
வானொலிப் பதிவு:
"சார், அஞ்சாம் கம்பம் அணைஞ்சு போச்சு. தூங்கிட்டியளா?"
"கம்ப்யூட்டர் மொத்தமும் பூட்டிக்கிச்சு. நகல் டிஸ்க்கும் போச்சு. அதை மாட்டி வச்சது யாரு?"
"ஐயோ... பூசைக்கு நாந்தான் சார்."
"கோயில் வாசல்ல உக்கார வேண்டியவங்களை எல்லாம் நிலவுக்கு அனுப்புறாங்க."


09.30
தரை நிலையம். இயக்குநர் இராசநாயகம் பேசினார். அவருடைய ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்தவன் நான். இன்று எனக்கு வரவேண்டிய நாற்காலியில் இருந்து ஆறுதல் சொல்கிறார்.
"சிகாமணி சார், பதறாதீங்க. வடிவை அங்கேயே நிக்கச் சொல்லுங்க. பழைய படங்களை வச்சு பாதையை மறுபடி வரைஞ்சு 15.30க்குள்ள அனுப்பிடுறோம். நீங்க கம்ப்யூட்டரைச் சுத்தமாத் துடைச்சு வைங்க."
திரும்பிவர இரண்டரை மணி நேரம் போதும். கணக்கு சரியாகவே இருந்தது.

09.50
வானொலிப் பதிவு. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.
"அங்கேயே நில்லு. மூணரைக்குப் பாதை வரும். நீ செஞ்ச வேலைக்கு நாங்க துடைச்சிட்டிருக்கோம்."
"நான் செஞ்சதுக்கு நானே வழி பாத்துக்கிடுதேன் சார். டயர் தடம் தெரியுது. முப்பது தடவை வந்த வழிதானே."
"அப்ப பாத்துக்கோ."
முப்பது தடவை என்றால் முப்பது தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று. எனக்குத் தெரியும். நில் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.

10.20
மேட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். தொடர்பு இல்லை.

13.10
துடைப்பது பெரிய வித்தை இல்லை. வட்டுகளை முழுதாக அழித்தேன். முத்திரையிட்ட மூலத்தட்டிலிருந்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். நச்சு போய்விட்டது. பூட்டியவை பூட்டியவைதான்; நச்சை நீக்கினால் பூட்டு திறக்காது.

14.50
எந்த வழியாக வந்தது என்று தெரியாவிட்டால் மீண்டும் வரும். அஞ்சல் கணினியின் பதிவேடு தனி, அது பூட்டப்படவில்லை. படித்தேன். நான்கு நாள் முன்பு, 07.42. பூமியில், தரை நிலையத்தில் யாருடைய கணினியிலோ தொற்றி எல்லோருக்கும் போன அஞ்சல். இணைப்பின் பெயர் 'பதவி உயர்வு, இறுதிப் பட்டியல்'. திறந்த கணக்கு என்னுடையது. வெற்றுத்தாள் வந்ததாக நினைத்து மூடினேன். என் பெயரை இந்த முறையும் விட்டுவிட்டார்களா என்று பார்க்கத்தான் திறந்தேன். அது நான்கு நாள் ஓசையில்லாமல் இருந்து, அகப்பட்ட வட்டுகளை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது. வடிவுக்கும் அந்த அஞ்சல் வந்தது. அவள் படிக்காமலே அழித்திருக்கிறாள்.

15.28
பாதை வந்துவிட்டது. இரண்டு நிமிடம் முன்னதாகவே. இருபத்திரண்டு கம்பங்களும் எரிகின்றன. கம்பத்துக் கேமரா ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதையில் ஊர்தி இல்லை.

17.42
வந்தது இவ்வளவுதான்:
"சார்... வெளிச்சம் தெரியுது. மேல இருக்கு. நான் கீழ கெடக்கேன். வலது சக்கரம் ரெண்டும் போச்சு... டிஸ்கை நான் மாட்டுனேன்னு எழுதிக்கிடுங்க. எங்கம்மைட்ட மட்டும் சொல்லாதிய."
"வடிவு, திறந்தது நான். நீ இல்ல. கேக்குதா? நான்தான் திறந்தேன்."
இரைச்சல். ஒன்பது முறை சொன்னேன்.
வேறு ஊர்தி இல்லை. நடந்தால் என் உடையில் நான்கு மணி நேரக் காற்று. எந்தப் பிளவு என்றே தெரியாது. இருந்தும் உடையை மாட்டினேன். வெளிக்கதவைத் திறக்க உள்ளே ஒருவர் இருக்க வேண்டும்.

19.00
எழுத எதுவும் இல்லை.

19.25
தரை நிலையத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன், 07.42 அஞ்சலை நான் திறந்தது உட்பட.
இராசநாயகம்: "சார், மனசைத் தேத்திக்குங்க. கம்பங்களை அணைச்சிடுங்க, பேட்டரி வீணாகுது. அறிக்கையில டிஸ்க் விஷயத்தை மட்டும் எழுதுங்க. 07.42 எதுக்கு? போனவங்க மேல போட்டா யாருக்கும் நட்டம் இல்ல."
முப்பது ஆண்டில் அவர் எனக்குச் செய்ய முன்வந்த முதல் உதவி.

19.40
காரணம்: தெய்வசிகாமணி. 07.42.
அனுப்பிவிட்டேன்.
கம்பங்களை அணைக்கவில்லை. பேட்டரி இன்னும் ஆறு மணி நேரம் தாங்கும். ஊர்தியில் காற்று முடிந்திருக்கும், ஆனால் அவள் உடையில் கொஞ்சம் இருக்கும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவள் கீழிருந்து பார்த்துக்கொண்டு...