தயிரில் குறையில்லை

பாளையங்கோட்டை
10.2.2025

அன்புள்ள காக்காவுக்கு, தங்கை எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்; அதனால் தபால். முகம்மது மைதீன் வீட்டுக் கல்யாணத்தில் வாந்தி எடுத்த நாற்பது பேரும் தேறிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். மிஞ்சிய நெய்ச்சோற்றையும் தயிரையும் எங்கள் பொறியியல் கல்லூரி உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு நீங்களே கொடுத்தனுப்பினீர்கள். நானும் மாணவி ஹம்னாவும் சோதித்துவிட்டோம். தயிரில் குறையில்லை. கிருமி சோற்றில்தான் இருக்கிறது. எப்போது ஆக்கினீர்கள்?

ஜன்னத்துல் பிர்தௌஸ்

மேலப்பாளையம்
14.2.2025

ஜன்னத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

முப்பது வருஷமாகக் கல்யாணச் சோறு ஆக்குகிற கை இது. தயிர்தான் கெட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நீ பேராசிரியர். ‘தயிர்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. கூடப் பிறந்தவள் இதைக்கூடச் செய்ய மாட்டாயா?

ஹசன் அலி

பாளையங்கோட்டை
18.2.2025

அன்புள்ள காக்காவுக்கு,

எழுதித் தர மாட்டேன்.

அன்று உங்களுக்கு இரண்டு கல்யாண வீட்டுச் சமையல். இந்தச் சோற்றை முந்தின நாள் மாலையே ஆக்கி, மூடி வைத்து, காலையில் சூடாக்கினீர்கள் என்று நஸீமா மதினி சொன்னார்கள். அவ்வளவு பெரிய தேக்சாவின் நடுவில் சோறு ஆற விடிந்துவிடும். அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு போகாது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடமே இதுதான். இந்த வாரம் அந்தப் பாடத்தைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

தயிர்க்கார இன்பமணியிடம் இப்போது யாரும் வாங்குவதில்லையாம். மாட்டை விற்கப் பேசுகிறாளாம். அவள் தயிர் சுத்தம் என்று எழுதி அவளிடமே கொடுத்துவிட்டேன். சோற்றைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜன்னத்

மேலப்பாளையம்
26.2.2025

அன்புள்ள ஜன்னத்துக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று இன்பமணி வீட்டுக்குப் போய், “சோறுதாம்மா கெட்டது, தயிரு இல்ல” என்றேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய? யாருகிட்ட தயிருன்னு சொன்னியளோ அங்கன போயிச் சொல்லுங்க” என்றாள்.

போனேன். முகம்மது மைதீன் முழுக்கக் கேட்டார். “இனிமே எங்க வீட்டு அடுப்புல நீரு கை வைக்க வேண்டாம் வே” என்றார். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நின்றவர்களிடமும் சொன்னேன். பெருநாளுக்குப் பிறகு பேசியிருந்த இரண்டு கல்யாணமும் கைவிட்டுப் போயிற்று.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் முதல் நோன்பு திறக்க இங்கே வந்துவிடு. கஞ்சி நான்தான் காய்ச்சுவேன். நான் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பொறுத்துக்கொள். மதினி பேசுவாள்.

காக்கா